முட்டியின் முறை

காலை இப்படி நீட்டிக்கொள்ளுங்கள் சார். என் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன், இடம் கிடைக்கும். முட்டிதானே? நீங்கள் படியேறும்போதே பார்த்தேன். வலது காலை வைத்து இடது காலை இழுத்தீர்கள். முப்பத்தொரு வருஷமாக மக்கள் தொடர்பு உத்தியோகம். ஆளைப் பார்த்ததும் எங்கே வலி என்று தெரிந்துவிடும்.

எங்கே இறங்குகிறீர்கள்? ஆய்வு நிலையம் விலக்கிலா? அடடே. அந்த நிலையத்தில்தான் சார் எனக்கு வேலை. ஓ, எதிரே சம்பந்தி வீடா. சரி, சரி. நான் இன்றைக்கு அங்கே இறங்கவில்லை. நேராகத் திருச்சி. பன்னிரண்டு மணிக்கு விசாரணை. என்மேல்தான்.

நகர்ந்து உட்காராதீர்கள், கையாடல் எல்லாம் இல்லை. ஒரு நத்தை இனத்தையே ஒழித்துவிட்டேனாம். நான்! வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிடுகிறவன். ஜனவரியில் ஓய்வு. விசாரணை முடியாமல் ஓய்வு பெற்றால் பென்ஷன் நின்றுவிடும். ஒரு நத்தைக்காக.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். எங்கள் நிலையத்தில் விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்வார்கள், ஆங்கிலத்தில் எழுதுவார்கள், அதை வேறு பத்து விஞ்ஞானிகள் படிப்பார்கள். மக்கள் வரியில் நடக்கிற வேலை மக்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா? அதற்கு நான். அவர்கள் நாற்பது பக்கம் எழுதுவதை நான் தமிழில் ஒரு பக்கமாக்கிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். அதே பக்கத்தை அரசாங்கத்தின் இணையதளத்திலும் ஏற்ற வேண்டும். அதில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கிறது. ‘இதனால் மக்களுக்கு என்ன பயன்?’ குறைந்தது ஐம்பது சொற்கள். நாற்பத்தொன்பது எழுதினால் சிவப்பில் மின்னும், அடுத்த பக்கம் போகாது. அடுத்த பக்கம் போகாவிட்டால் அந்த ஆராய்ச்சிக்கு அடுத்த வருஷம் கிடையாது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். ஒருவர் ஆறு வருஷமாக வௌவால் காதை அளக்கிறார். மக்களுக்கு என்ன பயன்? அவரிடம் கேட்டால் மேலே பார்க்கிறார். வௌவால் அங்கேதான் இருக்கிறது, பயன் இல்லை. ஐம்பது சொல் யார் எழுதுவது? நான்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன் சார். என் சொந்தக் கண்டுபிடிப்பு, யாரும் பாராட்டியதில்லை. ஏழு பயன்கள். விவசாயிகள், ராணுவ வீரர்கள், புற்றுநோய், சர்க்கரை, மூட்டு வலி, மகளிர் சுயஉதவிக் குழு, படித்த இளைஞர் வேலைவாய்ப்பு. சுழற்சி முறையில் போய்க்கொண்டே இருக்கும். ஒரே பயனைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மேலே சந்தேகப்படுவார்கள் அல்லவா? ஒரு நோட்டில் கோடு போட்டு, தேதி போட்டு, எது எந்த ஆராய்ச்சிக்குப் போனது என்று டிக் அடித்து வைத்திருக்கிறேன். சிலந்தி வலைக்கு ராணுவ வீரர்கள். வௌவால் காதுக்கு மகளிர் சுயஉதவிக் குழு. சிரிக்காதீர்கள், அதற்குக் கடிதம் எழுதிப் பாராட்டினார்கள்.

இருபது வருஷம் ஒரு புகார் இல்லை. ஏன் தெரியுமா? யாரும் படிக்கவில்லை. என் மனைவி சிவகாமுகூடப் படித்ததில்லை. பத்திரிகையில் வந்ததைக் காட்டினால், “அதுமேலே வெங்காயத்தை உரிச்சுப் போடுங்க” என்பாள்.

பிறகு ஜெசிந்தா மேடம் வந்தார். டாக்டர் ஜெசிந்தா, சின்ன வயது, நாற்பது ஆகவில்லை. கெட்டிக்காரி, ஆனால் பிழைக்கத் தெரியாது. நிலையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் முச்சுனைக் குன்று என்று ஒரு மொட்டைப் பாறை. உச்சியில் மூன்று சுனைகள். அந்த மூன்று சுனைகளில் மட்டும் ஒரு நத்தை இருக்கிறது. சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதை ஏழு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் ஓட்டிலும் நெயில் பாலிஷால் நம்பர் போட்டிருந்தார். ஒற்றைப்படை ஆண், இரட்டைப்படை பெண். நத்தையில் ஆண் வேறு பெண் வேறு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த வரியை வெட்டிவிட்டேன். குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை.

அது என்ன செய்கிறது என்றால், தூங்குகிறது. சுனை வற்றினால் சேற்றுக்குள் இறங்கி, ஓட்டின் வாயை ஒரு மூடியால் அடைத்துக்கொண்டு தூங்கிவிடும். மழை பொய்த்த நான்கு வருஷமும் தொடர்ந்து தூங்கி, ஐந்தாம் வருஷம் மழை பெய்ததும் எழுந்து நடந்ததாம். நான்கு வருஷம், சோறில்லை தண்ணீரில்லை. “இதை எங்கள் கணக்குப் பிரிவில் மானியம் வாங்காமலே செய்கிறார்களே மேடம்” என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தேழாம் நம்பர் எழுந்த காலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மூடி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்ததாம். ஒரு கொம்பு வந்ததாம். பிறகு இன்னொரு கொம்பு. சுவரைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார் சார். கல்யாணம் ஆன பெண்.

நான் கேட்டேன், “எல்லாம் சரிங்க மேடம், மக்களுக்கு என்ன பயன்?”

யோசித்தார். நேர்மையாக யோசித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். “இப்போதைக்கு ஒண்ணுமில்ல சார்” என்றார்.

“ஐம்பது வார்த்தை வேணும்.”

“இல்லாததை எப்படி சார் ஐம்பது வார்த்தையில சொல்றது?”

அதற்குத்தானே சார் எனக்குச் சம்பளம்? நோட்டைப் பிரித்தேன். முந்தின டிக் சர்க்கரையில் இருந்தது, நெல் வண்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. அடுத்து மூட்டு வலி. அவ்வளவுதான் நடந்தது. இதில் சதி இல்லை, ஆசை இல்லை. ராணுவத்தின் முறையாக இருந்திருந்தால் ராணுவத்துக்குப் போயிருக்கும், அந்த நத்தையும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். வரிசையில் முட்டி நின்றது, முட்டிக்குக் கொடுத்தேன். ‘இந்நத்தை சுரக்கும் வழவழப்பான திரவம், தேய்ந்த முழங்கால் மூட்டுகளுக்கு மசகாகப் பயன்பட்டு, முதியோர் வாழ்வில் புதிய விடியலை ஏற்படுத்தக்கூடும்.’ ‘கூடும்’ என்று போட்டிருக்கிறேன் சார். பத்திரிகைக்காரன் இடம் போதவில்லை என்று அதைத் தூக்கிவிட்டான். அவன்மேல் விசாரணை உண்டா? கிடையாது.

பங்குனியில் வந்தது. முதல் பக்கம். மறுநாள் மேடம் என் அறைக்கு வந்தார். கையில் பத்திரிகை.

“குஞ்சிதபாதம் சார், முட்டி எங்கேர்ந்து வந்துச்சு? என் கட்டுரையில முட்டின்னு ஒரு வார்த்தை இல்லையே.”

“இது மக்கள் நடை மேடம்.”

“நத்தைக்கே முட்டி கிடையாது சார்!”

“அதனாலதான் அதுக்கு வலி இல்லன்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க. விடுங்க மேடம், நாளைக்கு இதுல வெங்காயம் உரிப்பாங்க.”

மறுப்பு வெளியிடச் சொன்னார். மறுப்பு வெளியிடலாம், ஆனால் இணையதளத்தில் ஏற்றியாகிவிட்டது. அதில் திருத்துவதற்குக் கட்டம் கிடையாது. இருந்தும் மூன்றே வரியில் ஒரு திருத்தம் எழுதி டைரக்டர் மேஜையில் வைத்தேன். கையெழுத்தாகி வருவதற்கு ஐந்து வாரம். அதற்குள் சித்திரை வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சார். முச்சுனைக் குன்றுக்கு வேன் வேனாக வந்தார்கள். விளாத்திகுளத்திலிருந்தெல்லாம். முட்டி வலிக்காரர்கள் அந்தச் செங்குத்துப் பாறையில் எப்படி ஏறினார்கள் என்று கேட்காதீர்கள், நம்பிக்கை. சுனைகள் வற்றி, அடியில் சேறு காய்ந்து பாளமாகக் கிடந்தது. கடப்பாரை, களைக்கொட்டு, சல்லடை. சேற்றைப் பெயர்த்துச் சலித்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அடிவாரத்தில் கரும்புச்சாறு வண்டி மட்டும் எட்டு. மேடம் பாறைமேல் நின்று கையை விரித்துத் தடுத்துப் பார்த்தாராம். ஒரு பாட்டியம்மா, “நீ நல்லா இருப்பே தாயி, உனக்கு வயசாகி முட்டி போனாத் தெரியும்” என்று வாழ்த்திவிட்டு, அவரையே சல்லடையைப் பிடிக்கச் சொன்னதாம்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சுதந்திரம் வாங்கி இத்தனை வருஷத்தில் ஓர் ஆராய்ச்சி முடிவைக் கேட்டு மக்கள் வேன் பிடித்து வந்தது இதுதான் முதல் தடவை. அறிவியலை மக்களிடம் கொண்டுபோ, கொண்டுபோ என்று கருத்தரங்கு கருத்தரங்காகப் பேசுகிறார்கள். நான் கொண்டுபோனேன். அதற்கு மெமோ.

நம்பர் இல்லாத நத்தைக்கு ஒரு விலை, நம்பர் போட்டதற்கு இரண்டு மடங்கு. “கவர்மெண்டு நம்பர் போட்ட ஒரிஜினல்” என்று எங்கள் தெருமுனையிலேயே ஒருவன் கூவி விற்றான். ஆடி மாதம் சிவகாமு பதினைந்து வாங்கினாள். எல்லாம் நம்பர் போட்டது.

என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? “இது நான் சும்மா எழுதினது” என்றா? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் கட்டுரையைக் கத்தரித்து சாமி அலமாரியின் கதவில் ஒட்டியிருந்தாள் சார். முப்பது வருஷத்தில் நான் எழுதியதில் ஒரு வரி படிக்காதவள். “இவ்வளவு நல்லா எழுதுவீங்களா? சொல்லவே இல்லையே” என்றாள். வாயை மூடிக்கொண்டேன். அமாவாசைக்கு ஒன்றாக நல்லெண்ணெயில் போட்டு ஓட்டோடு அரைத்துப் பூசுகிறாள். முட்டி வலியில் படியேற முடியாதிருந்தவள், மூன்று மாதமாக மாடி ஏறி இறங்குகிறாள். போன தடவை நான்கூடக் கொஞ்சம் பூசிக்கொண்டேன். பரவாயில்லை சார். உண்மையிலேயே பரவாயில்லை.

இப்போது ஐப்பசி. அடைமழை. சுனை மூன்றும் நிரம்பிவிட்டன. எழ வேண்டியது எழ வேண்டும் அல்லவா? எழவில்லை. விசாரணைக் குழு இடத்தைப் பார்வையிட வந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். காலை ஒன்பது மணி, தூறல். மேடம் சுனை ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். பதினெட்டு நாளாக வருகிறாராம். தண்ணீரில் தவளைக்குஞ்சு இருந்தது, பாசி இருந்தது. நத்தை ஒன்றுகூட இல்லை. என்னைத் திட்டுவார் என்று நினைத்துக் குடைக்குள் ஒதுங்கினேன். திட்டவில்லை. எழுந்து வந்து மெதுவாகத்தான் கேட்டார்.

“சார், உங்களுக்குத்தான் ஜனங்க நிறைய லெட்டர் போடறாங்க. யார் வீட்டுலயாவது டப்பால போட்டு மறந்திருப்பாங்க. செத்த மாதிரி இருக்கும், ஆனா தூங்கிட்டிருக்கும். நான் கேஸ் எதுவும் போடமாட்டேன்னு சொல்லுங்க. ரெண்டு கிடைச்சாப் போதும் சார். ஒரு ஆண், ஒரு பெண். ஆரம்பிச்சுடுவேன்.”

“பார்க்கலாம் மேடம்” என்றேன்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? எங்கள் வீட்டு டப்பாவிலா? அது சிவகாமுவின் மருந்து. அதை எடுத்தால் ஏன் எடுத்தீர்கள் என்பாள். ஏன் என்று சொன்னால் அலமாரிக் கதவில் இருப்பதைக் கிழிக்க வேண்டிவரும்.

மேடம் விசாரணைக் குழுவுக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் தெரியுமா? ‘பயன் என்ன என்று அலுவலர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் ஐம்பது சொற்கள் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. என் பங்கும் இதில் உண்டு.’ பாருங்கள், அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? இருந்தாலும் ஒரு பயம் இருந்தது. போன வெள்ளிக்கிழமை அதுவும் போயிற்று. விசாரணை அதிகாரியின் உதவியாளர் போன் செய்தார். திங்கள்கிழமை பன்னிரண்டு மணி, அசல் ஆவணங்களோடு வரணும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“ஐயாவோட மாமியாருக்கு முட்டி ரெண்டும் போச்சு சார். அந்த நம்பர் போட்ட ஒரிஜினல், எங்கயாவது கிடைக்குதா? சும்மா விசாரிச்சேன்.”

நத்தை ஏன் இல்லாமல் போயிற்று என்று விசாரிக்கிறவர் சார். அவர் வீட்டிலேயே என் கட்டுரையைப் படித்திருக்கிறார்கள்!

இதுதான் அந்த டப்பா. சிவகாமு கோயிலுக்குப் போன நேரத்தில் எடுத்து வந்தேன். பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே தவிடு, தவிட்டுக்குள் பதினொன்று. லஞ்சம் என்று நினைக்காதீர்கள், எனக்குப் பிடிக்காத வார்த்தை. சான்றுப் பொருளாகச் சமர்ப்பிப்பேன். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்குவேன். பிறகு அது கோப்பில் இருக்கிறதா மாமியார் முட்டியில் இருக்கிறதா என்பது அரசாங்கத்தின் பொறுப்பு. வீட்டில் ‘எலி தூக்கிக்கொண்டு போயிற்று’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜன்னலை இறக்கிவிடுங்கள், சாரல் அடிக்கிறது. டப்பா நனைந்தால் எழுந்துவிடும். எழுந்தால் கொம்பை நீட்டும், ஊரும், அப்புறம் அதிகாரியின் மேஜையில் அசிங்கம்.

பார்க்கலாமா? தாராளமாகப் பாருங்கள். கையில் எடுத்துப் பார்க்கலாம், ஒன்றும் செய்யாது. நெயில் பாலிஷ் எப்படிப் பளபளப்பாக இருக்கிறது பாருங்கள். உங்களுக்கும் ஒன்று வேண்டுமா? கேட்பீர்கள் என்று தெரியும். முட்டி வலிக்காரர், இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்ததே பெரிது. எடுத்துக்கொள்ளுங்கள். பத்து இருந்தாலும் மாமியாருக்குப் போதும்.

இரண்டா? இரண்டு முட்டிக்கும் என்கிறீர்கள். சரி, நியாயம்தான். எடுங்கள், எடுங்கள். என்ன சார் அவ்வளவு நேரம் தேடுகிறீர்கள்? கத்தரிக்காயா பொறுக்கி எடுப்பதற்கு? எல்லாம் ஒரே சரக்கு. நம்பரையா பார்க்கிறீர்கள்? முப்பத்தேழு. இது என்ன, நூற்றுப் பன்னிரண்டு. ராசியான நம்பரோ? உங்களுக்கு நியூமராலஜி நம்பிக்கை உண்டா? அப்படியே ஆகட்டும். கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்கு ஒன்று. நல்லெண்ணெய் செக்கில் ஆட்டியதாக இருக்க வேண்டும். ஓட்டையும் சேர்த்து அரைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

விலக்கு வந்துவிட்டது. பார்த்து இறங்குங்கள். கண்டக்டர், ஆள் இறங்கணும், முட்டி சரியில்லாதவர், வண்டியைக் கொஞ்சம் நிறுத்திப் பிடியுங்கள்! அட, சொல்வதற்குள் குதித்துவிட்டாரே. சார், சம்பந்தி வீடு எதிர்ப்பக்கம்! சார்! அந்தப் பக்கம் எங்கள் நிலையத்தின் கேட்!

காதில் விழவில்லை போலிருக்கிறது.

உட்காருங்கள் சார், இந்த இடம் காலிதான். என் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். அதோ, மழையில் கைக்குட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒருவர் ஓடுகிறாரே, தெரிகிறதா? ஏறும்போது ஒரு காலை இழுத்துக்கொண்டு ஏறியவர். நான் பார்த்தேன். கையில் வைத்துக்கொண்டதற்கே இந்த ஓட்டம். இன்னும் அரைத்துப் பூசக்கூட இல்லை. இதையெல்லாம் விசாரணையில் யார் சார் எழுதிக்கொள்ளப் போகிறார்கள்?